இரண்டு பீடம் வைத்த அரசனின் மனைவி

மார்ச் 2, சனி

எப்படி உணர்கிறீர்கள் என்று தினமும் எழுதி வையுங்கள் என்று ஆஸ்பத்திரித் தாதி சொன்னாள். உணர்வதற்கு என்ன இருக்கிறது. இடது சிறுநீரகத்தில் கட்டி. பத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்பது வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியுமாம். அவ்வளவுதான். கொப்பி வாங்கியாயிற்று, வீணாக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்றைய உருப்படியான செய்தி வேறு. எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத் தலைவி ஹிலரி தொலைபேசி எடுத்தாள். பதினாறாம் திகதி நடக்கும் கருத்தரங்கில் பேச இருந்த ஒருவர் காலை முறித்துக்கொண்டாராம். அந்த இடத்தில் நான் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். கழகத்தில் நாற்பது பேர். அதில் நான் ஒருவன்தான் கறுவல், வகுப்பறையில் நின்று வரலாறு படிப்பித்தவனும் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் படிப்பித்தேன். பிறகு இங்கிலாந்துக்கு வந்து இந்த சஃபோக்கில் இருபது வருடம் பஸ் ஓட்டினேன். பஸ் ஓட்டியதைத்தான் இவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கருத்தரங்கு ரெட்வால்ட் அரசனைப் பற்றியது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்தை ஆண்டவன். கென்ட் நாட்டுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றான். வீட்டுக்கு வந்ததும் மனைவி மனதை மாற்றிவிட்டாள். ஒரே கோவிலுக்குள் கிறிஸ்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு சின்னப் பீடமுமாக இரண்டையும் வைத்துக்கொண்டான். நூறு வருடம் கழித்து இதை எழுதிய துறவி ஒருவர் அவனையும் அவளையும் கிழிகிழியென்று கிழித்திருக்கிறார். எனக்குத் தந்த தலைப்பு அந்த இரண்டு பீடங்கள்தான். சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டுப் பிடித்த சாப்பாட்டைக் கையில் தந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

ரெட்வால்ட்டைத் தேடி ஏழாம் நூற்றாண்டுக்குப் போகத் தேவையில்லை. என் வீட்டிலேயே நடந்துவிட்டது.

சாமி அலுமாரியைத் திறந்தால் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் புதிதாக ஒரு சட்டகம் போட்ட படம். முன்னால் மெழுகுதிரி. வேதக்காரரின் படம், கிறிஸ்தவப் படம். போன மாதம் இரண்டு அல்லேலூயாக்காரர் கையில் துண்டுப்பிரசுரத்தோடு வாசலில் நின்று என் மனிசி இவளோடு அரை மணித்தியாலம் கதைத்தார்கள். அப்போதே நினைத்தேன். நோய் வருத்தத்தில் ஆள் இருக்கும் வீடுகளாகப் பார்த்துத்தானே இவர்கள் நுழைவார்கள்.

நான் சத்தம் போட்டேன். என் அப்பா பஞ்சபுராணம் பாடாமல் ஒரு வாய் சோறு உண்டதில்லை என்றேன். அந்தப் படம் இருந்தால் பிள்ளையாரும் முருகனும் இருக்கக் கூடாது, இவர்கள் இருந்தால் அது இருக்கக் கூடாது என்றேன். இவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"இருக்கட்டுமப்பா. பத்தொன்பதாம் திகதி முடியுமட்டும் இருக்கட்டும்" என்றாள்.

மார்ச் 4, திங்கள்

இன்றும் மெழுகுதிரி எரிந்தது. நான் சாமி கும்பிடவில்லை. கும்பிட்டால் யாரைக் கும்பிட்டேன் என்ற கேள்வி வரும்.

மார்ச் 6, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போக முன் வீட்டைத் துப்புரவாக்க நினைத்தேன். இரண்டு பை சேர்ந்தது. பழைய சேட்டுகள், சப்பாத்து, பஸ் ஓட்டிய காலத்துக் கம்பளிச் சட்டை. பழைய சாமான்களைத் தர்மத்துக்கு விற்கும் சரிட்டிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் படத்தையும் கம்பளிச் சட்டைக்குள் சுற்றிக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது சரி.

மார்ச் 7, வியாழன்

இவள் அலுமாரியைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் சொல்லப் பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன், நல்ல பதில்.

மத்தியானம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல். உப்பு வைத்தியர் சொன்ன அளவுதான். வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். முப்பத்தாறு வருடத்தில் நான் தனியாக இருந்து சாப்பிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குழம்பு நன்றாக இருந்தது, அதை யாரிடம் சொல்வது.

மார்ச் 9, சனி

கட்டுரை ஓடுகிறது. முதல் பகுதியில் அரசனை அறிமுகப்படுத்துகிறேன். பக்கத்து நாட்டு இளவரசன் எட்வின் உயிர் தப்பி ஓடி வந்து இவனிடம் அடைக்கலம் கேட்டான். எதிரி அரசன் தூது மேல் தூது அனுப்பினான். பொன் தருகிறேன், அவனைக் கொன்றுவிடு, இல்லாவிட்டால் படை வரும். ரெட்வால்ட் ஆடிப்போய் ஒத்துக்கொண்டான். மனைவி தடுத்தாள். துன்பத்தில் வந்த நண்பனைப் பொன்னுக்கு விற்பது அரசனுக்கு அழகில்லை என்றாள். அவன் அவள் சொல்லைக் கேட்டான். படை திரட்டிப் போய் அந்த எதிரியைக் கொன்றான். அந்தச் சண்டையில் தன் மகனைப் பறிகொடுத்தான்.

இரண்டாம் பகுதிதான் என் பகுதி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்த மனிதன். அவனைக் கெடுத்த மனைவி. கொள்கை இல்லாத வீடு எப்படிப்பட்ட வீடு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஹிலரிக்கு அனுப்பினேன். மிக நன்று, ஆனால் அந்தப் பெண்மணி மேல் உங்களுக்கு என்ன இவ்வளவு கோபம் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். கோபம் எனக்கில்லை, துறவியாருக்கு என்று பதில் போட்டேன்.

வீட்டில் இன்னும் பேச்சில்லை.

மார்ச் 10, ஞாயிறு

லெஸ்டரிலிருந்து மகள் ஆரணி தொலைபேசி எடுத்தாள். தாயோடு கதைத்த பிறகு என்னைக் கேட்டிருக்கிறாள். அம்மா ஏன் அழுதவா என்றாள். அழுதது எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் அழவில்லையே.

நடந்ததைச் சொன்னேன். அல்லேலூயாக்காரர் இவளை மாற்றிவிட்டார்கள், நான் வீட்டைக் காப்பாற்றினேன் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்பா, அல்லேலூயாக்காரர் படமே வைக்கமாட்டினம். அது ஆருடைய படம் எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. நீல நிறமாக ஏதோ தெரிந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அம்மாவின் பெட்டியில் கூறைச்சேலைக்கு அடியில் உள்ளங்கை அளவு ஒரு படம் சின்ன வயதிலிருந்தே கண்டிருக்கிறேன், கேட்டால் சொல்லமாட்டா, அதுவாக இருக்கும் என்றாள் ஆரணி. பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களைப் பற்றிக் கதைத்தோம். என் காதில் ஒன்றும் விழவில்லை, ஓம் ஓம் என்றுகொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது என்ன? முதலில் சான்றைப் பார், பிறகு பேசு.

மார்ச் 11, திங்கள்

மழை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 12, செவ்வாய்

பின்னேரம் குசினியில் நின்று கட்டுரையைச் சத்தமாக வாசித்துப் பழகினேன். இவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாடசாலைச் சமையலறையில் பதினாறு வருடம் வேலை செய்தவள், இங்கிலீசு என்னைவிட நன்றாக விளங்கும். நான் வாசித்து முடித்தேன். தண்ணீர் ஓடுவதை நிறுத்தினாள்.

"அந்தப் பெடியனைக் காட்டிக் குடுக்கவேண்டாம் எண்டதும், ரெண்டு பீடம் வைக்கச் சொன்னதும் ஒரே மனிசியோ?"

ஆறு நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வசனம். ஓம் என்றேன்.

"அவவுக்கு என்ன பேர்?"

"எழுதேல்லை."

"ஏசினதை எழுத இடம் இருந்தது. பேருக்கு இடமில்லாமல் போச்சோ."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். படத்தில் இருந்தது யார் என்று கேட்டேன்.

மடு மாதா.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கி எல்லோரும் ஓடியபோது வழியில் ஆமிக்காரர் என்னை இறக்கிக் கொண்டுபோனார்கள். அதை நான் யாரிடமும் கதைப்பதில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. இருபத்து மூன்று நாள். அந்த இருபத்து மூன்று நாளும் இவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். மன்னார்க் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோவில் வளவில், ஆயிரக்கணக்கான சனத்தோடு, ஒரு மரத்தின் கீழ், ஏழு மாதக் குழந்தையான ஆரணியை மடியில் வைத்துக்கொண்டு. சைவமா வேதமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கஞ்சி கொடுத்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி அந்தப் படத்தைக் கொடுத்தார். இவ்வளவும் தெரியாமல் இருந்தது என்று இல்லை. நான் யோசித்துப் பார்த்ததில்லை.

தெரியாதது இது. இவள் மாதாவுக்கு முன்னால் போய் நின்று நேர்த்தி வைத்திருக்கிறாள். அவரைத் திருப்பித் தா, அவருடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து கொளுத்துகிறேன். ஆளுயர மெழுகுதிரி அங்கே வழக்கம்.

நான் வந்தேன். வந்ததும் நல்லூர் முருகன்தான் என்னை விடுவித்தான் என்று சொல்லி அடுத்த திருவிழாவுக்குக் காவடி எடுத்தேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் நல்லூரானுக்குக் காவடி எடுத்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமா நிண்டனீங்கள். நான் ஏன் அதில பங்கு கேக்கோணும்?" என்றாள்.

பிறகு பாதை மூடிவிட்டது. பிறகு கொழும்பு, பிறகு இங்கே. சண்டை முடிந்தபின் இரண்டு தரம் ஊருக்குப் போனோம். இரண்டு தரமும் வாகனம் பிடித்தது நான். நல்லூர், சந்நிதி, கீரிமலை. மடுவுக்குப் போவோமா என்று ஒருநாள் காலை இவள் கேட்டாளாம். அது வேதக்காரரின் இடம், வெயிலுக்குள் இருநூறு கிலோமீற்றர் அலைய வேண்டுமோ என்றேனாம். நினைவில்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வரக்கூடிய வசனம்தான்.

மாசியில் ஸ்கான் முடிவு வந்ததும் இவள் அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டகம் போட்டிருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவள் திரும்ப எந்த முகத்தோடு கேட்கிறது என்று நினைத்தாளாம். கேட்காமலும் இருக்க முடியவில்லையாம்.

படத்தை எங்கே கொடுத்தேன் என்று சொன்னேன். "சரி" என்றாள். அரிசியை அடுப்பில் வைத்தாள். ஏசியிருக்கலாம். வாய் விட்டு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மார்ச் 13, புதன்

கடை திறக்க முன்பே போய் வாசலில் நின்றேன். சட்டகம் கிடைத்தது. தட்டில் மற்றச் சட்டகங்களோடு இருந்தது. உள்ளே படம் இல்லை.

உள்ளே இருக்கும் படங்களைக் கழற்றி எறிந்துவிட்டுச் சட்டகத்தை மட்டும் விற்பது அவர்கள் வழக்கமாம். யாரோ முன்பின் தெரியாதவருடைய குடும்பப் படத்தை யார் வாங்குவார்கள் என்றாள் அங்கே நின்ற பெண். கடதாசிக் குப்பை திங்கட்கிழமையே போய்விட்டதாம். திங்கட்கிழமை நான் வீட்டுக்குள் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்ன பிறகும்.

வெறும் சட்டகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவளிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி, அதே இடத்தில் வைத்தாள். வெறும் சட்டகத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள்.

நானும் பக்கத்தில் நின்றேன். யாரைக் கும்பிட்டேன் என்ற கேள்வி வரவில்லை. பயமாக இருக்கிறது. எப்படி உணர்கிறேன் என்று தாதி கேட்டாளே, அவளுக்கு இதுதான் பதில். வெட்டுகிறதுக்குப் பயம், வெட்டிப் பார்த்துச் சொல்லப்போகிறதுக்கு அதைவிடப் பயம்.

மார்ச் 14, வியாழன்

கட்டுரையின் இரண்டாம் பகுதியைக் கிழித்துப் போட்டேன். கருத்தரங்குக்கு இரண்டு நாள் இருக்கிறது. மூளை கெட்டுத்தான் போயிற்று.

துறவியாருக்கு ஏசும் இடத்தில் அவள் மனைவி, புகழும் இடத்திலும் மனைவி. பேர் மட்டும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அவ்வளவு விசாரித்து எழுதிய மனுஷன், யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பிறகு இந்தக் கொப்பியை முதலிலிருந்து புரட்டினேன். ஹிலரியின் பெயர் இருக்கிறது. ஆரணியின் பெயர் இருக்கிறது. செத்து ஆயிரத்து நானூறு வருடமான அரசனின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. இவள், இவள், இவள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

தவமலர்.

மார்ச் 16, சனி

கருத்தரங்கு முடிந்தது. முப்பத்தொரு பேரும் ஒரு நாயும். மண்டபத்தில் சூடாக்கி வேலை செய்யவில்லை, எல்லோரும் குளிர்ச்சட்டையோடு இருந்தார்கள். முதலில் ஒருவர் கப்பல் புதைகுழியைப் பற்றிப் பேசினார். இங்கே பக்கத்தில் கிடைத்ததுதான், ரெட்வால்ட்டுடையதாக இருக்கலாம் என்கிறார்கள், நிச்சயமில்லை. பழைய முறைப்படி கப்பலோடு புதைத்த குழிக்குள் சிலுவை அடையாளம் போட்ட வெள்ளிக் கிண்ணங்களும் இருந்தன என்று படம் காட்டினார். தவமலர் கடைசி வரிசையில் இருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சொல்லாமல் விடிய எழும்பி நூற்றிருபது றோல்ஸ் பொரித்து, ஹிலரியின் காரில் ஏறி எனக்கு முன்னே வந்துவிட்டாள்.

நான் பேசினேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினேன். அடைக்கலம் வந்தவனைக் காட்டிக்கொடுக்காதே என்றவளும், பழைய பீடத்தை இடிக்காதே என்றவளும் ஒருத்திதான் என்றேன். வந்தவனையும் வெளியே தள்ளாதே, இருப்பதையும் வெளியே தள்ளாதே, இரண்டும் ஒரே புத்தி என்றேன். ஒன்றுக்குப் புகழ்ந்து மற்றதுக்கு ஏசுகிறவர் அவளைப் பார்க்கவில்லை, தான் நினைத்ததைப் பார்த்திருக்கிறார் என்றேன். நானும் போன வாரம் வரை துறவியார் பக்கம்தான் நின்றேன், காரணம் நானும் கண்ணாடி போடாமல் பார்த்ததுதான் என்றேன். அது அவர்களுக்கு விளங்கியிராது.

கேள்வி நேரத்தில் தாடிக்காரர் ஒருவர் எழும்பினார். இரண்டு பீடம் வைத்தது அரசியலா, நம்பிக்கையா, உங்கள் முடிவு என்ன என்றார். எழுதி வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. வாயில் வேறொன்று வந்தது. சான்று ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் யாருக்கோ கடும் சுகவீனமாக இருந்திருக்கும் என்றேன். சிரித்தார்கள். ஹிலரி சிரிக்கவில்லை, அவளுக்கு என் செவ்வாய்க்கிழமையைப் பற்றித் தெரியும்.

கடைசியாக நன்றி சொல்லும்போது, அந்த அரசியின் பெயரை நாங்கள் தொலைத்துவிட்டோம், இன்னொரு பெயரையும் தொலைக்க வேண்டாம், நீங்கள் இப்போது சாப்பிடப்போகும் றோல்ஸைச் செய்தவர் என் மனைவி, பெயர் தவமலர், கழகத்தின் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். செயலாளர் உண்மையாகவே பேனையை எடுத்து எழுத்துக்கூட்டிக் கேட்டார். தவமலர் குனிந்துகொண்டாள். காது சிவந்தது இவ்வளவு தூரத்துக்குத் தெரிந்தது.

வரும் வழியில், "விசர் மனிசன், சனத்துக்கு முன்னால" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

மார்ச் 18, திங்கள்

பை அடுக்கியாயிற்று. ஆரணி வந்து நிற்கிறாள். நாளை காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

மத்தியானம் தவமலர் தையல் பெட்டியிலிருந்து நூற்பந்தை எடுத்து வந்தாள். கதவு நிலையோடு முதுகை வைத்து நில்லுங்கோ என்றாள். மன்னாரில் மெழுகுதிரி வார்க்கிறவர்களுக்கு அளவு அனுப்ப வேண்டுமாம். மடுவில் நேர்த்தி வைத்தபோது அளந்து பார்க்க நான் பக்கத்தில் இல்லையே, எந்த உயரத்தைச் சொன்னாய் என்று கேட்டேன். தன் தலைக்கு மேல் ஒரு சாண் என்று சொன்னாளாம். கலியாணத்தன்று பக்கத்தில் நின்றபோது கண்ட அளவு.

ஆரணி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்துப் பார்த்தாள். இப்போதும் சரியாக ஒரு சாண்தான். ஆனால் கடவுச்சீட்டு எடுத்த காலத்தைவிட நான் ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டேன். அப்படியென்றால் தவமலரும் அதேயளவு குறைந்திருக்கிறாள். மாதாவுக்கு மெழுகு லாபம் போ என்றேன். அவள் சிரிக்கவில்லை. நூலை என் உச்சந்தலைக்கு மேலே நாலு விரல் கூட்டிப் பிடித்து முடிச்சுப் போட்டாள்.

"பிந்தினதுக்கு நாலு விரல் கூட" என்றாள்.

ஆவணித் திருவிழாவுக்கு நீயும் ஆரணியும் போய்க் கொளுத்திவிட்டு வாருங்கள், எனக்கு எப்படி இருக்குமோ தெரியாது என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். தவமலர் நூலைச் சுற்றுவதை நிறுத்தினாள். என்னை நேரே பார்த்தாள்.

"ஆளுயர மெழுகுதிரி. பக்கத்தில ஆள் வந்து நிக்கோணும். இல்லாட்டி அளவு சரியோ எண்டு மாதா எப்பிடிப் பாக்கிறது?"

நான் நிலையோடு இன்னும் நிமிர்ந்து நின்றேன். ஆரணி சமையலறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 19, செவ்வாய்

விடிய ஐந்தரை. குளித்து, திருநீறு பூசி, அலுமாரிக்கு முன்னால் இருவரும் நின்றோம். நான் மெழுகுதிரி கொளுத்தினேன், தவமலர் விளக்கேற்றினாள். கொப்பியைத் தாதியிடம் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம், திரும்பி வந்து மிச்சத்தை எழுதுங்கோ என்றாள். நூல் அவளுடைய கைப்பைக்குள் இருக்கிறது.